தொண்ணூற்றொன்றுக்கு ஒரு மணிவிழா

கௌரியிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. அவள் எதையும் மறப்பதில்லை. அதைக் கெட்ட பழக்கம் என்று யாராவது சொன்னால், அவர் அவளுக்கு எப்போதோ ஏதோ செய்தவராக இருப்பார்.

கோட்டைப் பகுதியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் அவளுக்கு வேலை. வாகன விபத்துக்கு நட்டஈடு கேட்டு வரும் விண்ணப்பங்களைப் பரிசீலிப்பது. பரிசீலிப்பது என்பது கம்பனியின் சொல்; இல்லை என்று சொல்ல ஒரு நியாயம் தேடுவது என்பதுதான் உள்ளபடியான வேலை. மாடு குறுக்கே பாய்ந்ததால் கார் மதிலில் மோதியது என்று ஒருவர் எழுதியிருப்பார். கௌரி தொலைபேசியில் கூப்பிட்டு, மிகுந்த மரியாதையோடு, மாடு எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கேட்பாள். பிறகு வீட்டுச் சுகம் விசாரிப்பாள். பிள்ளைகளின் படிப்பு விசாரிப்பாள். தொலைபேசியை வைக்கப்போகிற நேரத்தில், “மாட்டுக்குக் கொம்பு இருந்ததோ?” என்பாள். அவ்வளவுதான். மாடு அந்த இடத்திலேயே செத்துவிடும்.

இப்படிப்பட்டவளை அவளுடைய பதினாறாவது வயதில் ஒருவர் ஒரு வகுப்புக்கு முன்னால் வைத்து அவமானப்படுத்தியிருந்தார். பாவம், அவருக்கு அப்போது ஆளைத் தெரியாது.

அவர் வரதராசா சேர். வெள்ளவத்தையில் கடலை நோக்கிப் போகிற ஒழுங்கை ஒன்றில் தகரக் கொட்டில் போட்டுக் கணிதம் படிப்பித்தவர். இன்று அந்தக் கொட்டில் மூன்று மாடி, குளிரூட்டி, கண்காணிப்புக் கமெரா. கொட்டாஞ்சேனையிலும் ஒரு கிளை. சேரிடம் படிக்காத பிள்ளை வெள்ளவத்தையில் இருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளையின் தாய் அதைக் கோயிலில் வெளியே சொல்லமாட்டாள்.

அன்றைக்குச் சேர் பலகையில் நூறுக்குள் வருகிற பகா எண்களை எழுதிக்கொண்டு போனார். தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறெதனாலும் பிரிபடாத எண்கள். எண்பத்துமூன்று எழுதினார். எண்பத்தொன்பது எழுதினார். அடுத்ததாகத் தொண்ணூற்றொன்று எழுதினார்.

“சேர், தொண்ணூத்தொண்டு ஏழாலை பிரியும்.”

சேர் திரும்பவில்லை. “ஆரது?”

கௌரி எழும்பினாள். “ஏழு பதின்மூண்டு தொண்ணூத்தொண்டு, சேர்.”

இப்போது திரும்பினார். “விளங்கேல்லை. இன்னொருக்காச் சொல்லு பாப்பம்.”

அது சேருடைய ஆயுதம். பிழையாகச் சொன்ன பிள்ளைக்கும் அதுதான், சரியாகச் சொன்ன பிள்ளைக்கும் அதுதான். விளங்கேல்லை, இன்னொருக்கா. மூன்றாம் தரம் சொல்லும்போது எந்தப் பிள்ளைக்கும் தன்னுடைய பெயரிலேயே சந்தேகம் வந்துவிடும். கௌரி மூன்று தரமும் சொன்னாள். மூன்றாவது தரம் குரல் உடைந்தது.

“பதின்மூண்டாம் வாய்ப்பாட்டைத் தேத்தண்ணியில கரைச்சுக் குடிக்கிறவள் போல கிடக்கு. பேப்பர் திருத்திறது நானோ, நீயோ? குந்து, பிள்ளை.”

கொட்டில் சிரித்தது. அவள் இருந்தாள்.

அடுத்த கிழமை சேர் பகா எண்களை அச்சடித்து ஒரு தாள் கொடுத்தார். அதில் தொண்ணூற்றொன்று இல்லை. ஏன் இல்லை என்று அவர் சொல்லவில்லை. ஆக, மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு, வாயைத் திறக்காமல் எண்ணை மட்டும் எடுத்துவிட்டார். கௌரி மறக்காதது சிரிப்பை அல்ல. அந்தத் தாளை.

தாளில் இல்லாமற்போன எண் தெருவில் இருந்தது. ஜனா என்றொரு பெடியன் வகுப்பு வாசலில் நின்று “தொண்ணூத்தொண்டு வருது” என்று கத்தினான். அன்றிலிருந்து அது அவளுடைய பெயர். பிரதான தெருவான காலி வீதியில், மாவு மில்லில், தேர்த் திருவிழாவில். அவளைப் பெண் பார்க்க வந்த கார்த்திகனின் காதில், வந்த வீட்டு வாசலிலேயே யாரோ போட்டுவிட்டார்கள். அவன் நல்ல மனிதன்; தொண்ணூறு மதிப்பெண்ணுக்கு மேல் ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டு கட்டிக்கொண்டான்.

பெயரோடு முடிந்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பாள் என்று சொல்லலாம். விட்டிருக்கமாட்டாள். ஆனால் பெயரோடு முடியவும் இல்லை. சாதாரணதரப் பரீட்சை முடிந்த கையோடு அவளுடைய தகப்பன், ஊர் வழக்கப்படி, சேரிடம் ஆலோசனை கேட்கப் போனார். “உங்கட பிள்ளைக்குக் கணக்கு ஓடாது. வாய்தான் ஓடும். கொமர்சுக்கு விடுங்கோ” என்றார் சேர். பெறுபேறு வந்தது, கணிதத்தில் அதிவிசேட சித்தி. தகப்பன் அந்தத் தாளைப் பார்த்தார், சேர் சொன்னதை நினைத்துப் பார்த்தார், சேரையே நம்பினார். எஞ்சினியராக வேண்டியவள் மாட்டுக் கொம்பு விசாரிக்க வந்த வரலாறு இதுதான்.

அதன் பிறகு பகா எண்களோடு அவளுக்கு ஒரு சிநேகம் ஏற்பட்டது. அது அன்பினால் வந்ததல்ல, வன்மத்தால் வந்தது. மற்றப் பெண்கள் சீரியல் பார்க்கிற நேரத்தில் அவள் பெரிய பெரிய பகா எண்களைத் தேடி வாசித்தாள். சேரின் விழாக்களுக்கு அழைப்பு வந்தால் தவறாமல் போனாள், முன்வரிசையில் இருந்து புன்னகைத்தாள். சேருக்கு அவளை மிகவும் பிடித்திருந்தது. “என்ர பழைய பிள்ளை. மரியாதையான பிள்ளை” என்று மற்றவர்களுக்குக் காட்டுவார்.

இனிச் சேரின் இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். அவர் இருபத்தேழாம் திகதி பிறந்தவர். இரண்டும் ஏழும் ஒன்பது. ஆகவே அவருடைய கார் இலக்கத்தின் கூட்டெண் ஒன்பது, தொலைபேசிக்கும் ஒன்பது, புது வகுப்புத் தொடங்குவது ஒன்பதாம் திகதி அல்லது பதினெட்டாம் திகதி. ஆங்கிலத்தில் தன்னுடைய பெயரில் இரண்டு எழுத்தைக் கூட்டி, அதையும் ஒன்பதுக்குக் கொண்டுவந்தவர். அதே சேர்தான் வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டும் படிப்பித்திருந்தார். எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பது வந்தால், அந்த எண் ஒன்பதால் மிச்சமின்றிப் பிரியும் என்ற பழைய விதி. சேர் முன்பாதியைச் சொல்வார், “கூட்டினால் ஒன்பது.” பிள்ளைகள் மேசையில் தட்டிப் பின்பாதியைச் சொல்லவேண்டும், “ஒன்பதால் பிரியும்.” தலைமுறை தலைமுறையாகத் தட்டிய மேசைகள். சோதிடம் ஓர் அறை, கணிதம் ஓர் அறை. சேரின் மண்டையில் அந்த இரண்டுக்கும் நடுவே கதவு வைக்க மேசன் மறந்துபோனான்.

சேருக்கு அறுபது வந்தது. மணிவிழாச் சபை ஒன்று கூடியது. முன்னொரு காலத்தில் வாசலில் நின்று கத்திய ஜனாதான் செயலாளர். இப்போது கணக்காய்வாளர், கழுத்துப்பட்டி, வயிறு. அவன் கௌரியைக் கூப்பிட்டான்.

“பட்டம் ஒண்டு குடுக்கவேணும் கௌரி. கணித வேந்தர், கணித மாமணி எல்லாம் ஆருக்கோ குடுத்து முடிஞ்சுது. அதுதான் யோசிச்சம், பட்டத்துக்குப் பதிலா ஒரு எண். பெரிய பகா எண். ஒருத்தராலயும் பிரிக்கேலாது, சேர் மாதிரி. வெள்ளித்தட்டில வெட்டி, மலர் அட்டையிலயும் போட்டு, மேடைக்குப் பின்னால பெரிசா ஒரு பெனர். நீர்தானே உந்த எண்களோட மினக்கெடுறனீர். தொண்ணூத்தொண்டை விட்டா வேற ஆர் இருக்கினம்?”

அவன் சிரித்தான். கௌரியும் சிரித்தாள். “தாறன்,” என்றாள்.

அவள் தெரிந்தெடுத்த எண் இது:

12345678910987654321

ஒன்றிலிருந்து பத்து வரை ஏறி, மறுபடி ஒன்றுக்கு இறங்குகிற எண். சின்னப் பிள்ளையும் பாடமாக்கலாம். அதன் விசேஷம் இதுதான். இரண்டு வரை ஏறி இறங்கினால் 121. அது பதினொன்றின் வர்க்கம். மூன்று வரை ஏறினால் 12321, நூற்றுப்பதினொன்றின் வர்க்கம். இப்படி ஒன்பது வரை எந்தப் படியில் திரும்பினாலும் வெறும் ஒன்றுகளைப் பெருக்கி வருகிற எண்தான், அடக்கமான பிள்ளை. பத்தில் கால் வைத்ததும் அடக்கம் போய்விடுகிறது. எதனாலும் பிரிபடாத பகா எண்ணாக நிமிர்ந்து நிற்கிறது. அதற்குப் பிறகு இந்த ஜாதியில் இன்னொன்றைக் காணவேண்டுமென்றால் இரண்டாயிரத்து நானூற்று நாற்பத்தாறு வரை ஏறவேண்டும் என்று அவள் வாசித்திருந்தாள். அந்த உயரத்துக்கு வெள்ளவத்தையில் லிப்ட் இல்லை.

ஆனால் அவள் இதைத் தெரிந்தெடுத்த காரணம் வேறு. சும்மா இருக்க ஏலாமல் ஒருநாள் அதன் இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தாள். ஏறும்போது ஒன்று முதல் ஒன்பது வரை, நாற்பத்தைந்து. உச்சியில் பத்து, ஒன்றும் பூச்சியமும், ஒன்று. இறங்கும்போது இன்னொரு நாற்பத்தைந்து. மொத்தம் தொண்ணூற்றொன்று.

கௌரி கையிலிருந்த தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு எழும்பி நின்றாள்.

திட்டம் எளிமையானது. எண்ணைப் பற்றி வாழ்த்துரையில் விளக்குவது அவள்தான் என்று ஏற்பாடு. மண்டபத்தைக் கூட்டிப் பார்க்கச் சொல்வாள். சேரின் தலைக்கு மேல் தொண்ணூற்றொன்று நிற்கும். அதைக் கும்பிட்டபடி அவர் பொன்னாடை வாங்குவார். மற்றவர்களுக்கு அது வேடிக்கை. அவருக்கும் அவளுக்கும் மட்டும் விளங்கும். எண்ணை ஜனாவுக்கு அனுப்பி, ‘ஒரு இலக்கத்திலும் கை வைக்கக்கூடாது, வைத்தால் பகா எண் என்பதற்கு நான் பொறுப்பில்லை’ என்றும் எழுதினாள். ஜனா கைகூப்பிய படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினான்.

விழாவுக்கு முந்திய கிழமை கிராண்ட்பாஸிலிருந்து புவாத் அழைத்தார். புவாத் அதே தகரக் கொட்டிலில் கடைசி வரிசை வாங்கில் இருந்தவர்; கணக்கில் கோட்டைவிட்டு, அச்சகம் வைத்து, இப்போது சேரின் மலரையும் பெனரையும் அவர்தான் அடிக்கிறார். வேலை முடிந்து நேரே அங்கே போனாள்.

“சேர் உங்கட நம்பர்ல கை வச்சீக்காரு,” என்றார் புவாத். “எனக்குக் கணக்கு வராது, உங்களுக்குத் தெரியும். ஆனா மனசு கேக்கல்ல. இதக் கேளுங்க.”

கைபேசியில் சேரின் குரல் வந்தது. அதே குரல், கொஞ்சம் சளியோடு. “தம்பி புவாத், அந்த எண்ணில நடுவில ஒரு பத்து நிக்குது, பல்லுக்குள்ள கீரை மாதிரி. அதை எடுத்துவிடும். ரெண்டு ஒன்பதும் பக்கத்தில பக்கத்தில வரட்டும், கண்ணாடி பாத்த மாதிரி வடிவா இருக்கும். எனக்குக் கூட்டெண்ணும் சரியா வருது. கௌரிப் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருக்காதையும். சின்ன விசயம்.”

திரையில் புது எண் நின்றது.

123456789987654321

கௌரிக்கு முதலில் காது அடைத்தது. பத்தை எடுத்தால் தொண்ணூற்றொன்று போய்விட்டது. அன்றைக்கு ஒரு தாளிலிருந்து எடுத்தார். இன்றைக்கு இங்கிருந்தும் எடுத்துவிட்டார், அதே மாதிரி, ஒரு வார்த்தை சொல்லாமல். சின்ன விசயமாம்.

பிறகு அவள் மெல்லக் கூட்டினாள். ஏற நாற்பத்தைந்து. இறங்க நாற்பத்தைந்து. தொண்ணூறு. ஒன்பதும் பூச்சியமும், ஒன்பது.

காதுக்குள் யாரோ மேசை தட்டுவது கேட்டது.

அவள் முகத்தில் மாட்டுக் கொம்பு கேட்கிற புன்னகை வந்தது.

“பழையபடி மாத்தவா?” என்றார் புவாத். “இது சரியா ஈக்கா?”

“வடிவா இருக்கு புவாத். அப்படியே அடியுங்கோ. எழுத்தைமட்டும் இன்னும் கொஞ்சம் பெரிசாக்குங்கோ. கடைசி வரிசைக்கும் தெரியவேணும்.”

புவாத் அவளைப் பார்த்தார். கணக்கு வராதவர்தான், முகம் வாசிக்க வரும். “அப்ப அந்த வொய்ஸ் மெசேஜ அழிக்காம வச்சிக்கொள்றன்,” என்றார்.

வீட்டில் கார்த்திகன் கதையைக் கேட்டுவிட்டுச் சோற்றுக் கோப்பையை மேசையில் வைத்தான். “ஒரு வார்த்தை சொல்லிவிட்டா என்னப்பா? வயசுபோன மனுசன். சபையில வெக்கப்படப் போறார்.”

“நான் சொன்னனான்,” என்றாள் கௌரி. “பதினாறு வயசில. மூண்டு தரம் சொன்னனான்.”

கார்த்திகன் பருப்பைக் கொஞ்சம் விட்டுக்கொண்டான்.

விழா மண்டபம் நிரம்பி வழிந்தது. சேருடைய பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள், சீருடையோடு இப்போதைய வகுப்பு. நாதஸ்வரம் ஓய்ந்ததும் வாழ்த்துரைகள். பேசியவர்கள் எல்லோரும் நேரம் போதாது என்று சொல்லி அரை மணி நேரம் பேசினார்கள். பொன்னாடைக்கு மேல் பொன்னாடையாகச் சேரின் கழுத்து காணாமற்போய், துணிக்கடையில் தலை வைத்த மாதிரி இருந்தது. பின்னால் பெனரில் அந்த எண், ஒவ்வொரு இலக்கமும் ஒரு ஆள் உயரம்.

கௌரி ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தாள். நீலக் காஞ்சிபுரம், பூ, எல்லாம் முறையாக.

“இந்த விழாவுக்கு ஒரு பகா எண் தாங்கோ எண்டு சபை கேட்டது. நான் ஒண்டு குடுத்தனான். ஆனா இந்தப் பெனரில இருக்கிறது நான் குடுத்த எண் இல்லை. சேர் அதைத் தன்ர கையால திருத்தியிருக்கிறார்.” மண்டபம் கை தட்டியது. சேர் தலையசைத்து ஏற்றுக்கொண்டார். “அப்ப இது பகா எண்தானோ எண்டு நான் சொல்லுறது மரியாதை இல்லை. சேர் சொல்லவேணும்.”

ஒலிவாங்கியைக் கொண்டுபோய் நீட்டினாள். சேர் எழும்பினார்.

“பகா எண்தான்,” என்றார். “சந்தேகம் உள்ள ஆக்கள் எழும்பலாம்.”

மண்டபம் சிரித்தது. அவளுக்குப் பழக்கமான சிரிப்பு. கௌரி ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு சீருடைப் பிள்ளைகளின் பக்கம் திரும்பினாள்.

“சேர் படிப்பிச்ச பிள்ளையள் கொஞ்சம் எனக்கு உதவி செய்யுங்கோ. ஒண்டிலயிருந்து ஒன்பது வரைக்கும் கூட்டினா?”

“நாப்பத்தஞ்சு.”

“இறங்கி வந்தா இன்னொரு நாப்பத்தஞ்சு. மொத்தம்?”

“தொண்ணூறு.”

“ஒன்பதையும் பூச்சியத்தையும் கூட்டினா ஒன்பது. சரி. கூட்டினால் ஒன்பது...”

“ஒன்பதால் பிரியும்,” என்றது மண்டபம்.

பிள்ளைகள் மட்டுமல்ல. டொக்டர்மார், வங்கி முகாமையாளர்கள், பேரப்பிள்ளை மடியில் வைத்திருந்தவர்கள், சபைச் செயலாளர் ஜனா, எல்லோரும் ஒரே குரலில், சந்தோசமாக, கதிரைக் கைப்பிடியில் தட்டி முடித்தார்கள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று யோசித்தார்கள். முன்வரிசையில் ஒருவர் பெனரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அடுத்தவர். வரிசை வரிசையாக முகங்கள் நிமிர்ந்தன. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சேருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சேரும் திரும்பி, தன்னுடைய எண்ணை அண்ணாந்து பார்த்தார். மண்டைக்குள் அந்த இரண்டு அறைக்கும் நடுவே அன்றைக்குத்தான் யாரோ சுவரை உடைத்திருக்கவேண்டும்.

“அது...” என்றார். “அது பிரிண்டிங் பிழை. பிரஸ்காரர் ஏதோ...”

கடைசி வரிசையில் புவாத் எழும்பினார். கைபேசியை உயர்த்திக் காட்டினார். “சேர், உங்கட மெசேஜ் ஈக்கி. போட்டுக் காட்டவா?”

சேர் இருந்தார். யாரும் குந்து என்று சொல்லவில்லை. அவராகவே இருந்தார்.

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். இரக்கமுள்ளவர்கள் நிறுத்தியிருப்பார்கள். கௌரி தான் கொடுத்த எண் எது என்று சொன்னாள். பத்து வரை ஏறுவது, பத்தில்தான் அது பகா எண்ணாவது, அந்தப் பத்தைச் சேர் கீரை என்று நினைத்து எடுத்தது, எல்லாவற்றையும் விளக்கினாள். “அதன்ர இலக்கங்களைக் கூட்டினா தொண்ணூத்தொண்டு,” என்றாள். அந்தப் பெயர் தெரிந்தவர்கள் மண்டபத்தில் நிறையப்பேர். ஜனா தன்னுடைய சப்பாத்தைப் பார்த்தான். “தொண்ணூத்தொண்டு பகா எண்ணோ இல்லையோ எண்டு எனக்கும் சேருக்கும் நடுவில ஒரு கதை கிடக்கு. அதையும் இண்டைக்குச் சேரே சொல்லி முடிச்சுவைக்கட்டும்.”

ஒலிவாங்கியை அவருடைய வாயருகே பிடித்தாள். சேர் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஞாபகமில்லை என்று சொல்ல அவருக்கு ஒரு வழி இருந்தது. அவருடைய கண் அந்த வழியால் போகவில்லை.

“ஏழு பதின்மூண்டு,” என்றார், பொன்னாடைக்குள்.

கௌரி குனிந்தாள். மிகுந்த மரியாதையோடு கேட்டாள்.

“விளங்கேல்லை, சேர். இன்னொருக்காச் சொல்லுங்கோ பாப்பம்.”

அந்தக் கேள்வியை வாழ்நாளில் ஒருதரமாவது வாங்கிக் கட்டாதவர் அங்கே யாரும் இல்லை.

“ஏழு பதின்மூண்டு தொண்ணூத்தொண்டு.” ஒலிபெருக்கி அதை வாசல் தாண்டி, முச்சக்கர வண்டிக்காரர் நின்ற இடம்வரை கொண்டுபோனது. “நீ அப்பவே சொன்னனீ.”

“ஓம் சேர்,” என்றாள் கௌரி. போய்த் தன்னுடைய கதிரையில் இருந்தாள்.

பட்டம் கொடுத்தார்கள். கொடுக்காமல் என்ன செய்வது, வெள்ளித்தட்டில் எண்ணை வெட்டியாயிற்று. ஒன்பதால் பிரிகிற அந்தப் பகா எண்ணைச் சேர் இரண்டு கையாலும் வாங்கினார். கொட்டாஞ்சேனைக் கிளையில் அது தொங்குகிறது என்றும், அதை ஒன்பதால் பிரித்து வரச்சொல்லி வேறு ரியூசன்காரர் ஒருவர் பிள்ளைகளுக்கு வீட்டுவேலை கொடுக்கிறார் என்றும் கேள்வி. சேருக்கு இப்போது ‘பத்தெடுத்தார்’ என்று ஒரு பெயர் காலி வீதியில் உலாவுகிறது. யார் வைத்ததோ தெரியாது. வைத்த குரல் கணக்காய்வாளருடையது போல இருந்தது என்கிறார்கள்.

அன்றைக்கு விழா முடிந்ததும் அந்த ஜனா வடைத் தட்டோடு அவளிடம் வந்தான். “சேர் பாவம், மிஸிஸ் கார்த்திகன்,” என்றான்.

“ஓம், பாவம்,” என்றாள் கௌரி, வடையை எடுத்துக்கொண்டு. “அப்பா உயிரோட இருந்திருந்தா அவரும் சேருக்குத்தான் பாவம் பாத்திருப்பார்.”

திங்கட்கிழமை அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் காத்திருந்தது. ஒருவர், தான் மெதுவாகப் போய்க்கொண்டிருக்க, தென்னைமரம் ஒன்று காருக்கு முன்னால் வந்துவிட்டதாக எழுதியிருந்தார். கௌரி அவரைக் கூப்பிட்டாள். அவர் சொன்னதை எல்லாம் இடையில் குறுக்கிடாமல் கேட்டாள்.

“விளங்கேல்லை,” என்றாள். “இன்னொருக்காச் சொல்லுங்கோ.”